இங்கிலாந்துக் கிராமத்தில் தெருவிளக்கு எரியவில்லையா? எந்தக் கவுன்சிலிடம், எப்படிக் கேட்பது

மருத்துவமனை வேலை, பண்ணை சார்ந்த தொழிற்சாலை வேலை என்று இங்கிலாந்தின் கிராமப்பக்கம் குடிபோகும் நம் ஆட்கள் இப்போது நிறையப் பேர். வாடகை குறைவு, காற்றும் நன்றாக இருக்கிறது. ஆனால் வாசலில் இருக்கும் தெருவிளக்கு அணைந்துவிட்டால் யாரிடம் சொல்வது என்று கேட்டால், பக்கத்து வீட்டுக்காரருக்கே பல நேரம் பதில் தெரியாது. லிங்கன்ஷயரில் எங்கள் தெருவின் விளக்கை மறுபடி எரிய வைத்த பிறகு இதை எழுதுகிறேன். விளக்குக்குச் சொல்லும் வழிதான் பேருந்து நிழற்குடைக்கும், விளையாட்டுத் திடலில் உடைந்த ஊஞ்சலுக்கும், நாய்க்கழிவுத் தொட்டிக்கும்.

படி 1: கவுன்சில் டாக்ஸ் (வீட்டுக்குக் கட்டும் உள்ளாட்சி வரி) பில்லை எடுங்கள்

இணையத்தில் தேடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். பணம் யார் யாருக்குப் போகிறது என்று பில்லில் வரி வரியாக இருக்கும்: பெரிய பரப்புக்கான கவுண்டி கவுன்சில், அதற்குள் ஒரு பகுதிக்கான டிஸ்ட்ரிக்ட் கவுன்சில், காவல்துறைக்கான பங்கு, கடைசியில் சின்னத் தொகையாகக் கிராம அளவிலான பேரிஷ் கவுன்சில். அந்தக் கடைசி வரியில்தான் உங்கள் பேரிஷின் சரியான பெயர் இருக்கும். சில நேரம் இரண்டு மூன்று கிராமங்களுக்குச் சேர்த்து ஒரே பேரிஷ். ஊர்ப்பெயரை மட்டும் வைத்துத் தேடினால் கிடைக்காது. அரசு இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் கவுண்டியும் டிஸ்ட்ரிக்ட்டும் வரும், பேரிஷை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். பெயர் தெரிந்ததும் டிஸ்ட்ரிக்ட் தளத்தில் இருக்கும் பேரிஷ் பட்டியலைப் பாருங்கள். பேரிஷின் அலுவலக வேலையைப் பார்க்கும் கிளார்க்கின் மின்னஞ்சல் அங்கே இருக்கும்.

படி 2: எந்த வேலை யாருடையது

சாலைக் குழி, பள்ளிக்கூடம், நூலகம், முதியோர் பராமரிப்பு, வயல்வழிப் பாதைகள் எல்லாம் கவுண்டி. குப்பை எடுப்பது, வீடு கட்ட அனுமதி, வாக்காளர் பட்டியல், தெருவோரம் யாரோ கொட்டிவிட்டுப் போன மெத்தை, இவை டிஸ்ட்ரிக்ட். கவுன்சில் டாக்ஸை எல்லோருக்கும் சேர்த்து வசூலிப்பதும் டிஸ்ட்ரிக்ட்தான். மிச்சம் இருக்கும் சின்னச் சின்ன விஷயங்கள் பேரிஷுக்கு: திடல், கல்லறைத் தோட்டம், காய்கறி போட வாடகைக்குத் தரும் துண்டு நிலங்கள், நிழற்குடை, அறிவிப்புப் பலகை. 1894ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இந்த அமைப்பு இன்று இங்கிலாந்தில் சுமார் பத்தாயிரம் இடங்களில் இருக்கிறது. கவுன்சிலர்களுக்குப் பொதுவாகச் சம்பளம் கிடையாது. கிளார்க்குக்கு உண்டு, பெரும்பாலும் பகுதிநேரம்.

கிராம ஹால் மட்டும் பல ஊர்களில் தனி அறக்கட்டளையின் கையில் இருக்கும். பிறந்தநாள் விழாவுக்கு ஹால் வேண்டுமென்று கிளார்க்குக்கு எழுதினால், வேறொருவரின் தொலைபேசி எண் பதிலாக வரும்.

தெருவிளக்குதான் இந்தப் பட்டியலுக்குள் அடங்காதது. ஒரே தெருவில் நான்கு விளக்கு கவுண்டியுடையதாகவும் ஐந்தாவது பேரிஷுடையதாகவும் இருக்கும். கம்பத்தில் தலை உயரத்தில் ஒரு சின்னத் தகடு, அதில் ஓர் எண். பகலில் போய் அதைப் படம் எடுத்து வையுங்கள். மரக்கம்பத்தில் மின்கம்பியோடு சேர்த்து விளக்கு மாட்டியிருந்தால் கம்பம் மின்விநியோக நிறுவனத்தினுடையது. விளக்கு பேரிஷினுடையதாக இருக்க வாய்ப்பு அதிகம். கம்பி அறுந்து தொங்கினால் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம், கிட்டே போகாமல் மின்விநியோகப் பிரச்சினைகளுக்கான 105க்கு அழையுங்கள். இலவச எண்.

படி 3: முதலில் கவுண்டிக்கு ஒரு புகார்

யாருடையது என்று தெரியாவிட்டாலும் இங்கிருந்தே தொடங்கலாம். என் வாக்கு ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் தளத்துக்குத்தான். மைசொசைட்டி என்ற அமைப்பு 2007இல் தொடங்கியது இது. வரைபடத்தில் இடத்தைத் தொட்டு, படத்தைச் சேர்த்து அனுப்பினால் உரிய கவுன்சிலுக்குப் போகும், புகார் எண்ணும் கிடைக்கும். தொலைபேசியில் காத்திருந்து ஊர்ப்பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும் பாடு இல்லை. கிராமத்து ஃபேஸ்புக் குழுவில் போடுவது புகார் ஆகாது. அங்கே நாற்பது பேர் கோபப்படுவார்கள், யாருக்கும் எண் கிடைக்காது.

எங்கள் விளக்குக்கு வந்த பதில் ஒரே வரி: இது எங்களுடையது இல்லை, பேரிஷைக் கேளுங்கள். அந்த வரியைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த படியில் அதுதான் ஆதாரம்.

படி 4: அஜெண்டாவில் (கூட்டத்தில் எடுக்கும் விஷயங்களின் பட்டியலில்) இடம் பிடிப்பது

நேரமெல்லாம் போனது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

பேரிஷ் கவுன்சில் கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். 1960ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. தொடக்கத்தில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குவார்கள், பெரும்பாலும் ஆளுக்கு மூன்று நிமிடம். நானும் பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள், ஒருவர் "நானும் கவனித்தேன்" என்றார், கிளார்க் குறித்துக்கொண்டார், அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். அலட்சியம் இல்லை, விதி அப்படி. அஜெண்டாவில் இல்லாத விஷயத்தில் பேரிஷ் கவுன்சில் சட்டப்படி முடிவெடுக்க முடியாது. பணம் செலவாகும் எதற்கும் முடிவு வேண்டும். ஆக, கூட்டத்தில் எவ்வளவு அழகாகப் பேசினாலும் விளக்கு எரிய அடுத்த கூட்டம் வரவேண்டும்.

அஜெண்டாவைக் கூட்டத்துக்கு முன் மூன்று முழு நாள் இருக்கும்படி ஒட்ட வேண்டும். அந்தக் கணக்கில் ஒட்டிய நாளும் கூட்ட நாளும் சேராது, ஞாயிறும் வங்கி விடுமுறை எனப்படும் பொது விடுமுறையும் சேராது. செவ்வாய் மாலை கூட்டம் என்றால் திங்கள், சனி, வெள்ளி என்று மூன்று நாள் எண்ணி, வியாழனுக்குள் ஒட்டியாக வேண்டும். கிளார்க் அதற்கும் முன்பே எழுதி முடித்திருப்பார். கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பே மின்னஞ்சல் போய்விடுவது நல்லது. பல பேரிஷ்களில் ஆகஸ்டில் கூட்டமே கிடையாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்னஞ்சலில் கதை வேண்டாம். கம்பத்தின் எண், இரவில் எடுத்த ஒரு படம், கவுண்டியின் அந்த ஒரு வரிப் பதில், அப்புறம் தெளிவாக ஒரு வேண்டுகோள்: "அடுத்த கூட்டத்தின் அஜெண்டாவில் இதை முடிவுக்குரிய விஷயமாகச் சேர்க்க முடியுமா?" முடிவுக்குரிய என்ற சொல் முக்கியம். தகவலுக்காக என்று சேர்த்தால் மறுபடி தலையாட்டல்தான். சில ஊர்களில் சின்னப் பழுதுகளைச் செய்துமுடிக்கும் அதிகாரத்தைக் கிளார்க்கிடமே கொடுத்திருப்பார்கள். அப்படியானால் கூட்டம்வரை காத்திருக்கத் தேவையில்லை, அதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

பழுது பார்ப்பது இல்லாமல் புது விளக்கு, புது நிழற்குடை கேட்பதாக இருந்தால் இலையுதிர் காலத்திலேயே கேளுங்கள். அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு வேண்டும் என்பதைப் பேரிஷ்கள் பெரும்பாலும் ஜனவரி வாக்கில் முடிவு செய்து டிஸ்ட்ரிக்ட்டிடம் சொல்லிவிடும். பிப்ரவரியில் கேட்டால் நியாயமான கோரிக்கைக்கும் "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்பார்கள்.

படி 5: மினிட்ஸைப் படியுங்கள்

கூட்டம் முடிந்ததும் அதன் குறிப்புகள், அதாவது மினிட்ஸ், பேரிஷ் தளத்தில் வரும். ஆண்டுக்கு 25,000 பவுண்டுக்குக் கீழ் வரவுசெலவு உள்ள சின்னப் பேரிஷ்கள் வரைவை ஒரு மாதத்துக்குள் வெளியிட வேண்டும். உங்கள் விஷயத்துக்கு எதிரே யார் செய்வது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கிளார்க்குக்கு மரியாதையாக ஒரு நினைவூட்டல் போதும். இந்த மினிட்ஸ் ஊர்ச் செய்தி தெரிந்துகொள்ளவும் நல்ல இடம். எந்தச் சாலையை எப்போது மூடுகிறார்கள், பழைய சிவப்புத் தொலைபேசிக் கூண்டை என்ன செய்யப் போகிறார்கள், எல்லாம் அதில் இருக்கும். அந்தக் கூண்டுகளைத் தொலைபேசி நிறுவனமான பி.டி. ஒரு பவுண்டுக்கு ஊர்களுக்கே கொடுத்துவிடுகிறது. பல ஊர்களில் உள்ளே இதய அதிர்வுக் கருவி மாட்டியிருக்கிறார்கள், சில ஊர்களில் புத்தகம் அடுக்கியிருக்கிறார்கள்.

பின்சேர்க்கை: கேள்விகளுக்காக

"நள்ளிரவுக்கு மேல்தான் எங்கள் விளக்கு எரிவதில்லை" என்று ஒருவர் எழுதியிருந்தார். அது பழுது இல்லை. மின்செலவைக் குறைக்க லிங்கன்ஷயரில் 2016இலிருந்து பல விளக்குகளை நள்ளிரவுக்குப் பின் அணைத்து வைக்கிறார்கள். இரவுப் பணி முடிந்து வருபவர்கள் கைவிளக்கு வைத்துக்கொள்ளுங்கள். புகார் போடுவதற்கு முன் இருட்டிய பிறகு, நள்ளிரவுக்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வில்ட்ஷயர், கார்ன்வால், சாமர்செட், வடக்கு யார்க்ஷயர் பக்கம் இருப்பவர்களுக்கு டிஸ்ட்ரிக்ட் என்ற அடுக்கே இல்லை. குப்பையும் சாலையும் ஒரே கவுன்சில், கீழே பேரிஷ். மற்ற கவுண்டிகளையும் இப்படி மாற்றும் வேலை நடக்கிறது, அதனால் படி 2ஐ உங்கள் பில்லோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மிகச் சின்ன ஊர்களில் பேரிஷ் கவுன்சிலே இருக்காது. வாக்காளர்கள் எல்லோரும் கூடும் பேரிஷ் கூட்டம்தான், ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு முறை.

விசாவில் இருப்பவர்கள் இதிலெல்லாம் தலையிடலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். கூட்டத்தில் உட்கார, புகார் கொடுக்க விசா ஒரு பொருட்டே இல்லை. இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள். செல்லுபடியாகும் விசாவோடு இங்கே வசித்தால், 18 வயது நிரம்பியிருந்தால், வாக்களிக்கலாம். பெயரை டிஸ்ட்ரிக்ட் பட்டியலில் பதிய வேண்டும், அவ்வளவுதான். வாக்குச்சாவடிக்கு உங்கள் நாட்டுப் பாஸ்போர்ட்டே அடையாளமாகப் போதும். பேரிஷ் கவுன்சிலராக வேண்டுமென்றால் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி வேண்டும். அது இருப்பவர்கள் அறிவிப்புப் பலகையில் "காலியிடம்" என்ற தாளைக் கவனியுங்கள். அறிவிப்பு வந்து 14 வேலைநாளுக்குள் பத்து வாக்காளர்கள் தேர்தல் கேட்காவிட்டால், கவுன்சிலே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும். பல ஊர்களில் விண்ணப்பிக்கவே ஆள் இருப்பதில்லை. கிளார்க்குக்கு ஒரு மின்னஞ்சல், உங்களைப் பற்றி அரைப்பக்கம், அடுத்த கூட்டத்துக்கு நேரில் போவது, அவ்வளவுதான் வேலை.