ஜெசூர் கரையைச் சீரமைக்கும்போது செய்யக்கூடாதவை

தெற்குத் துனீசியாவின் தஹார் மலைகளில் ஆண்டுக்கு 100 முதல் 200 மி.மீ. மழைதான். அதுவும் சில நாள்களில் கொட்டித் தீர்த்துவிடும். இதை வைத்துக்கொண்டு மத்மாத்தா, ஷெனினி, துவைரத் பக்கத்து அமாசிக் மக்கள் (வெளியார் பெர்பெர் என்பார்கள்) ஆலிவும் அத்தியும் வளர்க்கிறார்கள். வழி, ஜெசூர். ஓடையின் குறுக்கே ‘தாபியா’ என்ற மண்கரை. கரைக்கு மேல்புறம் வண்டல் படிந்து உண்டான வயல். அதற்கும் மேலே, தண்ணீர் வழிந்து வரும் பாறைச் சரிவு. மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு ஜெசர் (ஜெசூர் என்பது இதன் பன்மை). ஒரே ஓடையில் இப்படிப் பல, படிப்படியாக இறங்கும்.

கைவிடப்பட்ட கரைகளை மீண்டும் கட்டும்போது கோளாறு பெரும்பாலும் கலிங்கில்தான் (மிகை நீர் வழிந்தோடக் கரையில் விடும் திறப்பில்தான்) வருகிறது. ‘ஒரு சொட்டும் கீழே போகக் கூடாது’ என்று அதை அடைத்துவிடுவது முதல் தவறு. அடைத்தால் தண்ணீர் கரையைத் தாண்டி வழியும். மத்மாத்தா வண்டல் மாவு போன்ற மண். வழிந்த இடத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கீறல் விழுந்தால், அதே மழையிலேயே அது வாய்க்காலாகிவிடும். உடைந்த கரையின் நீரும் மண்ணும் அடுத்த கரையில் மோதும், பிறகு அதற்கடுத்தது. கீழ்வயல்காரரின் பங்குத் தண்ணீரும் இந்தக் கலிங்கு வழியாகத்தான் போக வேண்டும் என்பது வேறு விஷயம். 1969 இலையுதிர்காலத்தில் துனீசியாவைப் புரட்டிப்போட்டது போன்ற வெள்ளத்தை மனத்தில் வைத்துத்தான் கலிங்கின் அகலத்தை முடிவுசெய்ய வேண்டும், சராசரி மழையை வைத்து அல்ல.

கலிங்கு இரண்டு வகை. கரையின் ஓரத்தில், மலைப்பாறையை ஒட்டி விடுவது ‘மன்ஃபஸ்’. நடுவில் கல் அடுக்கிக் கட்டுவது ‘மஸ்ரஃப்’. ஓரத்தில் உறுதியான பாறை இருந்தால் மன்ஃபஸ் போதும். மஸ்ரஃப் கட்டினால் தண்ணீர் விழும் அடிவாரத்தில் படிக்கட்டு போலக் கல் பாவ வேண்டும். இதை விட்டுவிட்டால் விழும் நீர் பள்ளம் பறித்து, கரையைக் கீழிருந்தே சாய்த்துவிடும்.

வண்டல் ஆண்டுதோறும் ஏறும். வயலின் மண்மட்டம் கலிங்கு வாயைத் தொட்டுவிட்டால் அங்கே தண்ணீர் நிற்காது. வந்தது வந்தபடி ஓடிவிடும். அப்போது வாயை உயர்த்தத்தான் வேண்டும். ஆனால் முதலில் கரை, பிறகு வாய். வரிசை மாறினால் மேலே சொன்ன உடைப்புதான்.

புல்டோசரால் மண்ணைத் தள்ளிக் குவிப்பது ஒரே நாளில் முடியும் வேலை. குவித்த மண்ணுக்குள் இடைவெளி இருக்கும். நீர் அதற்குள் புகுந்து சுரங்கம் போலக் குடைந்துவிடும். ஒரு சாண் கனத்துக்கு மண் போட்டு, ஈரப்படுத்தி, இடித்து, பிறகு அடுத்த அடுக்கு. கீழ்ப்புற முகத்துக்குக் காரை இல்லாத கல்லடுக்கு.

சரிவு சும்மாதானே கிடக்கிறது என்று அதில் குழி வெட்டி மரம் நடுகிறவர்களும் உண்டு. கணக்குப் பாருங்கள்: மழை 150 மி.மீ., சரிவு வயலைப்போல் 10 மடங்கு, பெய்ததில் ஐந்தில் ஒரு பங்கு வழிகிறது என்று கொண்டால், வயலுக்குக் கூடுதலாக 300 மி.மீ. கிடைக்கும். சரிவைக் கொத்திவிட்டால் அந்த 300 போய்விடும். மரங்களைக் கரையை ஒட்டிய ஆழமண்ணில் வையுங்கள். மண் மெலிந்த மேல்பகுதிக்குப் பார்லி போதும்.

தானியம் காத்த ‘க்ஸார்’ கட்டடங்களிலும் அவசரம் இதே கெடுதலைத்தான் செய்கிறது. அவற்றில் உள்ள ‘கோர்ஃபா’ என்ற தானிய அறையின் வளைகூரை, கல்லும் சுட்ட ஜிப்சக் காரையும் சேர்ந்தது. மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு ஜிப்சம் இளகும். சில மழைக்குப் பின் சிமெண்ட் ஓடாகப் பெயர்ந்து, கூடவே கல்லையும் இழுத்துக்கொண்டு விழும். பழைய காரையையே பயன்படுத்துங்கள். அது சில நிமிடங்களில் இறுகிவிடும் என்பதால், ஒரு சட்டி அளவுக்கு மேல் ஒரே தடவையில் குழைக்காதீர்கள்.