கலங்கிய டப்பைக் கொட்டாதீர்கள்

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் வளர்க்கும் பல வீடுகளின் மொட்டை மாடியில் நாற்றமடிக்கும் டப் ஒன்று மூலையில் கிடக்கும். வாழைப்பழத் தோலோ முட்டைக்கோஸ் இலையோ அதில் ஊறிக்கொண்டிருக்கும். புதிதாகப் பொரித்த பெட்டா, கௌராமிக் குஞ்சுகளுக்கு முதல் தீனியான இன்ஃபுசோரியா என்னும் நுண்ணுயிர்க் கூட்டம் அதில்தான் உருவாகிறது. நுண்ணுயிர்களுக்குள் யார் யாரைத் தின்கிறார்கள் என்பது மாற மாற மொத்தக் கூட்டமும் எப்படி மாறுகிறது என்று பார்க்க, இதைவிட மலிவான ஆய்வுக்கூடம் கிடையாது.

இதில் பலரும் செய்யும் தவறு, இரண்டாம் நாளே டப்பைக் கவிழ்ப்பது. பால் கலந்ததுபோலக் கலங்கியதும் ‘கெட்டுப்போச்சு’ என்று நினைத்துவிடுகிறோம். (வீட்டில் அம்மா கையில் சிக்கினால் முதல் நாளே போய்விடும்.) அந்தக் கலங்கல் முழுக்க பாக்டீரியா. தோலிலிருந்து கரையும் சத்தைத் தின்று வேகமாகப் பெருகும் சில வகைகளின் ராஜ்ஜியம் அது. இந்த நிலையில் குஞ்சுகளை விட்டாலும் வம்புதான். ஆக்சிஜனை பாக்டீரியாவே இழுத்துக்கொள்ளும். சில நாள் பொறுத்தால் பாரமீசியம் போன்ற சிலியேட்டுகள் (மயிர் போன்ற இழைகளால் நீந்தும் ஒருசெல் உயிர்கள்) பெருகி பாக்டீரியாவை மேயும், தண்ணீர் தெளியும். கொடுங்கையூர்ப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறோமே, அங்கே நடக்கும் கழிவுநீர் சுத்திகரிப்பிலும் இந்த மேய்ச்சலுக்குப் பெரிய பங்கு உண்டு.

‘வேட்டைக்காரன் வந்தால் வகைகள் குறையும்’ என்பது அடுத்த தப்புக்கணக்கு. பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸ்களைப் பாருங்கள். எந்த வகை மிக அதிகமாக இருக்கிறதோ அதில்தான் அவை சுலபமாகப் பரவும். ஜெயித்துக்கொண்டிருப்பவனுக்கு அடி விழ, பின்தங்கியவர்களுக்கு இடம் கிடைக்கிறது. ஆனால் எல்லா வேட்டையும் இப்படி முடிவதில்லை. 1934-இல் ரஷ்ய உயிரியலாளர் கௌஸ் தன் சோதனைகளைப் புத்தகமாக வெளியிட்டார். பாரமீசியத்தோடு அதைத் தின்னும் இன்னொரு சிலியேட்டான டிடினியத்தை ஒரே சோதனைக் குழாயில் விட்டபோது, டிடினியம் எல்லாவற்றையும் தின்று தீர்த்து, பிறகு தானும் பட்டினியில் செத்தது. அடியில் வண்டல் இருந்த குழாயில் கதை வேறு. வண்டலுக்குள் ஒளிந்த பாரமீசியம் தப்பியது, டிடினியம்தான் அழிந்தது. ஒளிய இடம் இருக்கிறதா என்று கேட்காமல் முடிவு சொல்லக் கூடாது.

இரை சும்மா உட்கார்ந்திருக்கும் என்று நினைப்பதும் தவறு. மேய்ச்சல் கூடினால், வாயில் அடங்காத நீள இழைகளாகவும் ஒட்டிக்கொண்ட கொத்துகளாகவும் வளரும் பாக்டீரியா மிஞ்சும். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் குளோரெல்லா பாசியை ரோட்டிஃபர் என்னும் நுண்ணிய விலங்கு தின்றது. பாசியில் பல மரபு வகைகள் கலந்திருந்தபோது, தின்னக் கடினமான வகை சில தலைமுறைகளிலேயே ஓங்கியது. அதனால் இரண்டின் ஏற்ற இறக்கமே மாறியது: ஒன்று உச்சத்தில் இருக்கும்போது மற்றது அடிமட்டத்தில். ஒருநாள் மட்டும் எட்டிப் பார்த்தவர் இவற்றுக்குள் என்ன உறவு என்றே தப்பாகச் சொல்லியிருப்பார். டப்பிலும் அப்படித்தான், தினமும் ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள்.

அடுத்த டப் போடும்போது மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் மொண்டு ஊற்றாதீர்கள். சில சிலியேட்டுகள் தம்மைச் சுற்றிக் கூடு கட்டி உறங்குவது அடிவண்டலில்தான். அந்த வண்டலிலும் ஒரு கரண்டி எடுத்துப் புது டப்பில் போடுங்கள். மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியத் தண்ணீர்) என்றால், குளோரின் போக முதலில் ஒருநாள் திறந்து வையுங்கள்.