நுரையீரல் மாற்று அறுவைக்குப் பிறகு: கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர்களுக்கு

காரைக்குடிப் பக்கத்திலிருந்து இந்த அறுவைக்காகச் சென்னை போகிறவர்கள் ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் ஆனதும் ஊர் திரும்ப முடியாது. சில மாதம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்கச் சொல்வார்கள். 400 கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு ஒரு காய்ச்சலுக்கு ஓடி வர முடியுமா? அறுவைக்கு முன்பே வாடகை வீடு பார்த்துவிடுங்கள். லிஃப்ட் வேண்டும், சுவரில் ஈரப் பூஞ்சை இருக்கக் கூடாது, பக்கத்தில் கட்டட வேலை நடக்கக் கூடாது.

ஐசியூவில் நம்மால் ஆகக்கூடியது கொஞ்சம்தான். வென்டிலேட்டரும் மார்பில் ட்யூப்களும் பார்க்கவே மனசைப் பிசையும். என் வீட்டுக்காரர் ஒருநாள் சாயங்காலம், ஊரில் எங்கள் வீட்டிலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "வளவுல யாரோ தண்ணி கொட்றாக, போய்ப் பாரு" என்றார். இந்தக் குழப்பம் பலருக்கும் வரும். மருந்தும் தூக்கமில்லாததும் சேர்ந்து செய்கிற வேலை, பெரும்பாலும் தெளிந்துவிடும். வாதாடாதீர்கள். இன்றைக்கு என்ன கிழமை, எங்கே இருக்கிறோம், ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று மெதுவாகச் சொல்லுங்கள். மூக்குக்கண்ணாடி போடுகிறவர் என்றால் நர்ஸிடம் கேட்டுப் போட்டுவிடுங்கள். குழப்பம் புதிதாக வந்தால் அவர்களிடம் அவசியம் சொல்லுங்கள்.

வார்டுக்கு வந்த பிறகுதான் நம் வேலை. அதில் முதலாவது இருமல். மாற்றும்போது நுரையீரலுக்குப் போகும் நரம்புகள் துண்டிக்கப்படுகின்றன. அதனால் கீழே சளி தேங்கினாலும் இரும வேண்டும் என்ற உணர்வே சரியாக வராது. நாம்தான் சொல்லி இரும வைக்க வேண்டும். வலி மாத்திரை வேலை செய்யத் தொடங்கிய பிறகு நிமிர்ந்து உட்கார வையுங்கள். ஒரு தலையணையை மார்போடு இறுக்கி அணைத்துக்கொள்ளட்டும். ஆழமாக மூச்சிழுத்து ஒரு நொடி நிறுத்தி, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவது போல வாயைத் திறந்து "ஹா" என்று விட வேண்டும், அப்புறம் இருமல். பிசியோதெரபிஸ்ட் செய்து காட்டும்போது பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். "வலிக்குது, அப்புறம் பாக்கலாம்" என்பார்கள். விடாதீர்கள். மனசு கேட்காமல் நாம் இரங்கினால் சளி தேங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

படுக்கையிலிருந்து எழுப்பும்போது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, அறுவையில் வெட்டிய மார்பெலும்பு இன்னும் கூடியிருக்காது. ஒருக்களிக்க வைத்து, காலைக் கீழே இறக்கி, முதுகில் கை கொடுத்துத் தூக்குங்கள்.

விழுங்கும் சோதனை முடியும்வரை ஒரு வாய் ரசம்கூட வேண்டாம். என் மாமியார், "மிளகு ரசம் ரெண்டு கரண்டி உள்ள போனா தெம்பு வந்துரும்" என்று அழுதார்கள். அது மூச்சுக்குழாயில் இறங்கிவிட்டால் புது நுரையீரலுக்கே ஆபத்து. டாக்டர் அனுமதித்த பிறகு இடியாப்பம், நன்றாக வெந்த கோழி, முட்டை என்று சூடாகச் சமைத்துக் கொடுங்கள். பச்சை வெங்காயம் போட்ட தயிர்ப்பச்சடி, கடை ஜூஸ் வேண்டாம். பம்பளிமாஸ் கூடவே கூடாது, புது நுரையீரலை உடம்பு ஒதுக்காமல் இருக்கக் கொடுக்கிற டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். ஊரிலிருந்து யாராவது லேகியம், கஷாயம் கொண்டுவந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கொடுக்காதீர்கள்.

டாக்ரோலிமஸைப் பற்றி இன்னும் ஒன்று. 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை, நேரம் தவறாமல். ரத்தத்தில் அதன் அளவு பார்க்கிற நாளில் மட்டும் ரத்தம் எடுத்த பிறகுதான் காலை மாத்திரை. அதைப் பையிலேயே வைத்திருங்கள். டாக்டர் சொல்லாமல் கம்பெனி மாற்றி வாங்காதீர்கள். டிஸ்சார்ஜுக்கு முன்பே, நர்ஸ் பார்த்துக்கொண்டிருக்க, மாத்திரைகளை நீங்களே எடுத்து வைத்துப் பழகுங்கள். கை நடுங்கினால் அது பெரும்பாலும் இந்த மருந்தால், டாக்டரிடம் சொல்லுங்கள். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், தூக்கத்தைக் கெடுக்கும், கோபத்தையும் கிளப்பும். ராத்திரி அவர் எரிந்து விழும்போது மனசு நொறுங்கத்தான் செய்யும். மருந்து பேசுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வராந்தாவில் கொஞ்சம் நடந்துவிட்டு வருவேன்.

உடம்பு வெப்பம், ஆக்சிஜன் அளவு, எடை, ஸ்பைரோமீட்டர் (மூச்சை ஊதி அளக்கிற கருவி) காட்டும் எண் எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டாலோ, ஊதும் அளவு 10 சதவீதம் இறங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே போன் செய்யுங்கள். தொற்றாகவும் இருக்கலாம், உடம்பு புது உறுப்பை ஒதுக்கத் தொடங்கியதாகவும் இருக்கலாம். எதுவென்று நமக்குத் தெரியாது.

தாயபிள்ளைகள், பங்காளிகள் எல்லாரும் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். நம் பக்கத்தில் பார்க்காமல் இருப்பது மரியாதை இல்லை என்று நினைப்பவர்கள் அவர்கள். நான் கொழுந்தனாரிடம் பொறுப்பைக் கொடுத்தேன். தினமும் சாயங்காலம் அவர் எல்லாருக்கும் நிலவரம் சொல்வார், "ஊருக்கு வந்ததும் பாக்கலாம்" என்று அவரே தடுத்தும் விடுவார். சளி பிடித்தவர் யாராக இருந்தாலும் உள்ளே விடாதீர்கள். பிள்ளையார்பட்டி விபூதி வந்தால் மடித்த பொட்டலத்தைப் பிரிக்காமல் கும்பிட்டுவிட்டு வையுங்கள். மூக்கருகே அந்தப் பொடி போக வேண்டாம். தீர்த்தமும் வேண்டாம்.

ஊர் திரும்புவதைப் பற்றியும் இப்போதே யோசியுங்கள். பூட்டிக் கிடந்த பெரிய வீட்டைத் திறந்ததும் அவரைக் கூட்டிப்போகக் கூடாது. வௌவால், புறா எச்சத்திலும் பழைய தூசியிலும் இருக்கிற பூஞ்சை இவர்களுக்கு உயிருக்கே ஆபத்து. ஆளை வைத்துச் சுத்தம் செய்வதும் வெள்ளையடிப்பதும் அவர் சென்னையில் இருக்கும்போதே முடியட்டும். அப்படியும் காற்றோட்டமான ஓர் அறை போதும். இரண்டாம் கட்டுப் பக்கம் அவர் போக வேண்டாம். விறகடுப்பு, சாம்பிராணிப் புகை எதுவும் வேண்டாம் என்று வீட்டில் எல்லாரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள்.