விலங்கியல், தாவரவியல் பாடத்திட்டம் மாறுகிறதா? கையெழுத்து ஆவதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியவை

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் "புதிய பாடத்திட்ட வரைவு" என்று ஒரு பி.டி.எஃப். வந்து விழும். முதல் நாலைந்து பக்கத்தில் துறையின் நோக்கம், கற்றல் விளைவுகள் என்று போகும், அதைத் தாண்டுவதற்குள் பலரும் மூடிவிடுவார்கள். பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் தன்னாட்சிக் கல்லூரி ஒன்றின் பாடத்திட்டக் குழுவில் முன்னாள் மாணவர் என்ற முறையில் நான் இரண்டு கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். இரண்டிலும் மாணவர்களிடமிருந்து ஒரு தாள்கூட வரவில்லை. வந்திருந்தால் அதை எடுத்து வைத்துப் பேசியிருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. தமிழ்நாட்டில் பி.எஸ்சி. விலங்கியல், தாவரவியல் படிப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன், மற்ற உயிரியல் பட்டங்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் அட்டவணைக்குப் போங்கள். பாடத்தின் பெயரை விட்டுவிட்டு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எத்தனை கிரெடிட் (பட்டம் பெறச் சேர்க்க வேண்டிய புள்ளிகள்) என்ற இரண்டு கட்டங்களை மட்டும் பாருங்கள். நம் கலை அறிவியல் கல்லூரிகளில் வாரத்துக்கு 30 மணி நேரம்தான், ஆறு நாள், நாளைக்கு ஐந்து மணி. இந்த 30-ஐத் தாண்டவே கூடாது. அதனால் புதிதாக ஒரு பாடம் உள்ளே வந்தால் ஏற்கெனவே இருக்கும் ஏதோ ஒன்று வெளியே போயே ஆக வேண்டும், ஆனால் எது போகிறது என்று வரைவில் எங்கேயும் தனியாக எழுதியிருக்க மாட்டார்கள், பழைய அட்டவணையையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். பல கல்லூரிகளில் முதல் நான்கு செமஸ்டரில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து 12 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். மீதி 18-இல்தான் மேஜர் (முதன்மைப் பாடம்), அலைடு (துணைப் பாடம்), திறன் பாடம் எல்லாம். யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகத்தின்படி மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், அதில் மேஜருக்குக் குறைந்தது 60. நம் மாநிலத்தில் பல இடங்களில் மொத்தம் 140 வைத்திருக்கிறார்கள். உங்கள் வரைவில் உயிரியலுக்கு மட்டும் எவ்வளவு வருகிறது என்று கூட்டிப் பாருங்கள், பத்து நிமிட வேலைதான்.

அப்புறம் பிராக்டிகல். என் அனுபவத்தில் முதலில் வெட்டு விழும் இடம் இதுதான். ஏனென்றால் கிரெடிட் கணக்கில் 15 மணி நேர வகுப்புக்கு ஒரு கிரெடிட் என்றால் ஆய்வகத்துக்கு 30 மணி நேரம் போனால்தான் ஒரு கிரெடிட். ஆகவே ஆய்வகத்தைக் குறைத்தால் கிரெடிட் பெரிதாக அடிபடாமல் நிறைய நேரம் மிச்சமாகும், தாளில் எல்லாம் சரியாகவே தெரியும். வாரம் 6 மணி நேரம் 3 ஆனால், 15 வாரத்துக்கு 45 மணி நேரம் போய்விடுகிறது. நுண்ணோக்கியில் வெங்காய வேர்நுனியை வைத்து மைட்டோசிஸ் நிலைகளைத் தானே தேடிக் கண்டுபிடிப்பதற்கும், யாரோ ஃபோகஸ் செய்து வைத்த ஸ்லைடை வரிசையில் நின்று ஒரு நொடி எட்டிப் பார்ப்பதற்கும் உள்ள தூரம் அந்த 45 மணி நேரம்தான்.

விலங்கியல் மாணவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். விலங்குகளை அறுத்துப் பார்ப்பதைப் படிப்படியாகக் கைவிடச் சொல்லி 2011-இல் யூ.ஜி.சி. வழிகாட்டுதல் தந்தது, 2014-இல் அதை இன்னும் இறுக்கியது. அது சரியான முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அந்த நேரத்துக்குப் பதிலாக என்ன வந்தது? சுவரில் மாட்டிய சார்ட்டைப் பார்த்துப் படம் வரைவது மட்டும்தான் என்றால் அது பயிற்சி ஆகாது. மண்புழு உரம், மீன் வளர்ப்பு, நீர்நிலையில் பறவைக் கணக்கெடுப்பு, பூச்சிகளை அடையாளம் காண்பது என்று கையால் செய்யும் வேலை எவ்வளவோ இருக்கிறது. களப்பயணத்தையும் பாருங்கள். மண்டபம் கடற்கரைக்கோ கொடைக்கானலுக்கோ போவது கட்டாயமா, விருப்பமா, அதற்கும் ஹெர்பேரியத்துக்கும் (உலர்த்தி ஒட்டிய செடி மாதிரிகளின் தொகுப்பு) மதிப்பெண் உண்டா? மதிப்பெண் இல்லாத களப்பயணம் இரண்டு வருடத்தில் நின்றுவிடும்.

கணிதத்தைப் பற்றிக் கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டும். உயிர்ப்புள்ளியியலும் கணினி வழி ஆய்வும் கட்டாயமாக வருவதை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன், இன்றைக்கு அது இல்லாமல் எம்.எஸ்சி.யில் திணறுவோம். ஆனால் நம் வகுப்பில் பாதிப் பேர் பிளஸ் டூவில் பியூர் சயின்ஸ் குரூப், கணிதத்தைப் பத்தாம் வகுப்போடு விட்டவர்கள். முதல் செமஸ்டரிலேயே நேராக அதைக் கொண்டுவந்து வைத்தால் அரியர்தான் குவியும். "வேண்டாம்" என்று எழுதாதீர்கள். "முதலில் கணித அடிப்படைக்கு ஒரு பாலப் பாடம், மூன்றாம் செமஸ்டரில் புள்ளியியல்" என்று எழுதுங்கள்.

பட்டத்தின் பெயர் மாறுகிறதா என்று தவறாமல் பாருங்கள். பெயரோடு "அட்வான்ஸ்டு", "பயோடெக்னாலஜி" என்று சேர்ந்தால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது தாவரவியல், விலங்கியல் என்றுதான் கேட்பார்கள், பெயர் வேறாக இருந்தால் இணையானது என்று சொல்லும் அரசாணை வேண்டும். இந்திய வனப்பணித் தேர்வின் தகுதிப் பட்டியலிலும் தாவரவியல், விலங்கியல் என்ற பெயர்கள்தான் இருக்கின்றன. பெயர் மாற்றம் வந்தால் "இணைத்தன்மைக்கு விண்ணப்பித்தாகிவிட்டதா?" என்று எழுத்தில் கேளுங்கள்.

சரி, யாரிடம் கொடுப்பது? தன்னாட்சிக் கல்லூரியில் துறைத் தலைவர்தான் பாடத்திட்டக் குழுவின் தலைவர். துறை ஆசிரியர்கள், வெளியிலிருந்து இரண்டு நிபுணர்கள், துணைவேந்தர் நியமிக்கும் ஒருவர், தொழில்துறையிலிருந்து ஒருவர், முன்னாள் மாணவர் ஒருவர் இருப்பார்கள். தற்போது படிக்கும் மாணவருக்குத் தனி இடம் இல்லை, அதனால் அந்த முன்னாள் மாணவர் யார் என்று விசாரித்து அவரிடமும் ஒரு நகல் கொடுங்கள். பாடத்திட்டக் குழுவைத் தாண்டி, அதற்கு மேலே இருக்கும் கல்விக்குழுவுக்கு (அகாடமிக் கவுன்சில்) போனபின் எதையும் மாற்றுவது மிகக் கடினம், ஆகவே கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்றால் குழு பல்கலைக்கழகத்தில் இருக்கும், துறைத் தலைவர் வழியாக அனுப்பச் சொல்லுங்கள்.

கடிதம் ஒரு பக்கம் போதும். இப்படி எழுதலாம்: "ஐயா, வணக்கம். நான்காம் செமஸ்டர் சூழலியல் பிராக்டிகல் 3 மணி நேரத்திலிருந்து 2 ஆகியிருக்கிறது. குளத்து நீர் மாதிரி எடுத்து அன்றே சோதிக்க 2 மணி நேரம் போதவில்லை. அதே செமஸ்டர் விருப்பப் பாடத்திலிருந்து 1 மணி நேரத்தை இங்கே மாற்றித் தர வேண்டுகிறோம்." பாடத்தின் குறியீட்டு எண்ணைச் சேருங்கள், வகுப்பில் முடிந்தவரை எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். எந்த மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்று நீங்களே சொல்லிவிட்டால் குழுவில் இருப்பவர்களுக்குப் பேச வழி கிடைக்கிறது, வெறும் குறையாக எழுதினால் "பார்க்கலாம்" என்று அடுத்ததற்குப் போய்விடுவார்கள்.

கடைசிப் பக்கத்தில் "இந்தக் கல்வியாண்டு முதல் சேருவோருக்கு" என்ற வரி இருக்கும். அது உங்கள் பேட்ச்சையும் தொடுகிறதா, பழைய பாடத்தில் அரியர் வைத்திருக்கும் சீனியர்கள் எத்தனை முறை பழைய தாளையே எழுதலாம் என்பதை அங்கே பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். அப்படியே நீங்கள் படித்த பாடத்திட்டத்தின் முழு நகலையும் கல்லூரி முத்திரையோடு இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெளிமாநிலத்திலோ வெளிநாட்டிலோ மேற்படிப்புக்குப் போகும்போது அதைக் கேட்பார்கள், அதற்குள் கல்லூரி இணையதளத்தில் புதியது மட்டும்தான் இருக்கும்.