ஆவாரை முளைக்கவில்லையா? நம் மண்ணின் பூஞ்செடிகளை விதையிலிருந்து வளர்க்கும் முறை

கரட்டிலும் சாலையோரத்திலும் யாரும் நீர் ஊற்றாமலே மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரையை வீட்டில் விதைத்துப் பார்த்தவர்களில் பலர், ஒரு மாதம் காத்திருந்தும் முளை காணாததால் விதை சொத்தை என்று முடிவுகட்டி விடுகிறார்கள். பெரும்பாலும் விதையில் குறை இருப்பதில்லை. நீர் உள்ளே புக முடியாத அளவுக்கு அதன் தோல் கெட்டியானது. கோடையில் தற்செயலாகப் பெய்யும் ஒரு மழையை நம்பி எல்லா விதைகளும் ஒருசேர முளைத்துக் கருகிவிடாமல், சில இவ்வாண்டும் சில அடுத்தடுத்த ஆண்டுகளிலும் முளைக்கும்படி அத்தோல் காத்துவருகிறது. வெயிலும் மண்ணின் உராய்வும் மாதக்கணக்கில் செய்யும் அந்த வேலையை நாம் ஓர் இரவில் செய்துவிட்டால் போதும்.

முதலில் விதை சேகரிப்பு. ஆவாரையின் காய் தட்டையானது. முற்றியதும் தாள்போல் மெலிந்து பழுப்பாகி, உள்ளே விதை இருக்கும் இடங்கள் புடைத்துத் தெரியும். கையில் எடுத்துக் குலுக்கினால் சலசலக்கும் காய்களை மட்டும் பறிக்க வேண்டும். பச்சையாகப் பறித்துக் காயவைத்த காயின் விதை சுருங்கிப்போகும். ஒரே செடியை மொட்டையடிக்காமல் நான்கைந்து செடிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது நல்லது. காப்புக்காட்டுக்குள் புகுந்து பறிப்பது குற்றம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஊர்ப்புறத்திலேயே இச்செடி தாராளமாகக் கிடைக்கிறது. உதிர்த்த விதைகளில் ஊசி குத்தியதுபோல் வட்டத் துளை இருந்தால் வண்டு உள்ளிருந்து தின்று வெளியேறிவிட்டது என்று பொருள். அவற்றைக் கழித்துவிட வேண்டும். துளையில்லாத விதைக்குள்ளும் புழு இருக்கக்கூடும் என்பதால், நிழலில் உலர்த்திச் சாம்பல் கலந்து வைத்த விதையைக்கூட விதைக்கும் முன் மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்வது அவசியம்.

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்ன வழக்கு இதற்கும் பொருந்தும். ஆனி, ஆடியில் பையில் விதைத்தால், ஐப்பசி மழைக்குள் கன்று நிலத்தில் நடும் பருவத்தை எட்டிவிடும். விதைப்பதற்கு முந்தைய மாலை, கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, ஆவி சற்றே தணிந்தபின் விதைகளின் மேல் ஊற்றி, அப்படியே இரவு முழுவதும் ஆறவிட வேண்டும். அடுப்பில் வைத்தே விதையைக் கொதிக்கவிட்டால் கரு வெந்துபோகும். காலையில் நல்ல விதைகள் உப்பிப் பெரிதாகியிருக்கும். அவற்றை அன்றே விதைத்துவிட வேண்டும். உப்பாதவற்றுக்கு இதே முறையை மறுபடி செய்யலாம், அல்லது கூர்முனைக்கு எதிர்ப்பக்கத்து ஓரத்தை உப்புத்தாளில் இரண்டு மூன்று முறை தேய்த்து, உள்நிறம் இலேசாகத் தெரிந்ததும் நிறுத்திவிட்டுச் சாதாரண நீரில் ஊறவைக்கலாம். பத்து விதைக்குமேல் இருந்தால் தேய்ப்பதற்குப் பொறுமை போதாது என்பது என் அனுபவம்.

இரண்டு பங்கு செம்மண்ணும் ஒரு பங்கு மணலும் ஒரு பிடி மட்கிய தொழுவுரமும் கலந்தால் போதுமானது. உரம் மிகுந்தால் கன்று நெடுநெடுவென வளர்ந்து சாய்ந்துவிடும். ஆணிவேர் விரைவாக ஆழம் தேடும் செடியாதலால், அகலமான தட்டில் விதைத்துப் பிடுங்கி நடுவதைவிட, அடியில் துளையிட்ட உயரமான நாற்றுப்பையிலோ பால் உறையிலோ பைக்கு இரண்டு விதை என அரை விரற்கடை ஆழத்தில் ஊன்றுவது மேல். ஒன்றிரண்டு வாரத்தில் முளை தெரியும். கன்றுகளைக் கொல்வது பெரும்பாலும் வறட்சியல்ல, அன்பு மிகுந்து ஊற்றும் நீர்தான்: மண் சதா நனைந்திருந்தால் தண்டின் அடி கறுத்து நாற்றழுகல் வந்து ஒரே நாளில் சாய்ந்துவிடும். மேல்மண் காய்ந்தபின்பே நீர் ஊற்ற வேண்டும். நான்கு இலை வந்தபின் நல்ல வெயிலில் வைக்க வேண்டும். நடும்போது பையைக் கிழித்து, மண்கட்டி உடையாமல் இறக்க வேண்டும். இலைகளைப் பச்சைப் புழுக்கள் தின்றால் மருந்து தெளிக்க வேண்டாம். அவை மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் பிள்ளைகள், செடி மீண்டும் துளிர்த்துவிடும்.

கனகாம்பரத்தின் குணம் இதற்கு நேர்மாறானது. தென்னிந்தியாவையும் இலங்கையையும் தாயகமாகக் கொண்ட இச்செடியின் முற்றிய காய், ஈரம் பட்டதும் வெடித்து விதையைத் தூர எறிந்துவிடும். ஆகையால் வைக்கோல் நிறமான கதிர்களை மழைக்கு முன் பறித்து, ஒரு பாத்திரத்தில் இட்டு நீர் தெளித்து உடனே மூடிவிட வேண்டும்; உள்ளே படபடவென்று ஓசை கேட்டு ஓய்ந்தபின் திறந்து விதைகளைப் பொறுக்கிக்கொள்ளலாம். இவற்றுக்கு வெந்நீர் ஆகாது. புதிதாக எடுத்த விதையை ஈரமுள்ள அரைநிழலில் மெல்லிய மண்போர்வையின்கீழ் விதைத்தால் போதும். ஆனால் டெல்லிக் கனகாம்பரம் எனப்படும் வகை விதையே பிடிக்காது. அதைத் தண்டு வெட்டித்தான் பெருக்க முடியும்.

வெட்சியின் கறுத்துச் சிவந்த பழத்தைப் பிசைந்து சதை நீக்கி, விதை காயுமுன்பே மணலில் ஊன்ற வேண்டும். முளைக்க மாதங்கள் ஆகலாம். அவசரப்படுவோர் அதையும் தண்டிலிருந்து வளர்ப்பதே உத்தமம்.

மஞ்சளாகப் பூப்பதெல்லாம் ஆவாரையாகிவிடாது. முதுமலைக் காடுகளை ஆக்கிரமித்திருக்கும் மஞ்சள் கொன்றையும், எங்கும் பரவிக் கிடக்கும் உண்ணிச்செடியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. அவற்றின் விதையை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியைக் கேட்போரும் உண்டு. அது மலைப் புல்வெளிக்குரிய செடி. சமவெளித் தொட்டியில் அதை வாட்டுவது வீண்வேலை.

நிலத்தில் நட்ட ஆவாரை பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில் பூக்கும். பூ ஓய்ந்ததும் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு கவாத்து செய்தால் புதர் அடர்ந்து வளரும். அப்போது அடுத்த விதைப்புக்காக இரண்டு மூன்று காய்க்கொத்துகளை மட்டும் வெட்டாமல் முற்றவிட வேண்டும்.