கிர்லியா 30-ஐத் தொடுவதற்கு முன்: போக்கிமான் பரிணாமத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண் கிர்லியா ஒன்று 29-ஆம் லெவலில் நிற்கிறது. அடுத்த சண்டையில் ஜெயித்தால் 30. திரை மாறும், இசை மாறும், சில நொடிகளில் கிர்லியா இருந்த இடத்தில் கார்டெவ்வார் நிற்கும். அருமையான போக்கிமான்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முழங்கையில் வாள் முளைத்த கலேடுக்காக அதை வளர்த்து வந்தவருக்கு அந்த நொடியோடு எல்லாம் முடிந்துவிட்டது. கலேட் வேண்டுமானால் ஆண் கிர்லியாவுக்கு டான் ஸ்டோன் என்ற கல்லைக் கொடுத்திருக்க வேண்டும். கார்டெவ்வாரை மறுபடியும் கிர்லியா ஆக்க எந்த வழியும் கிடையாது.

முதல் முட்டையிலிருந்து கூடவே வைத்திருந்த ஒரு கிர்லியாவை நான் இப்படித்தான் பறிகொடுத்தேன். அதற்குக் கற்றுக்கொடுத்திருந்த மூவ்கள், அதாவது சண்டை உத்திகள் எல்லாம் உடல் பலத்தால் அடிப்பவை. கார்டெவ்வாரின் சிறப்புத் தாக்குதல் 125, சாதாரணத் தாக்குதல் வெறும் 65. கலேடுக்கு இந்த இரண்டு எண்களும் அப்படியே இடம் மாறியிருக்கும். மொத்தத் திறன் இரண்டுக்கும் 518தான். ஆக, பலவீனமான போக்கிமான் ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை. நான் போட்டிருந்த திட்டத்துக்குப் பொருந்தாத ஒன்று கிடைத்தது.

லெவல் வந்தால் பரிணாமம் தானாக நடக்கும், நடப்பதெல்லாம் நல்லதுக்கே என்ற எண்ணத்திலிருந்துதான் இந்த விளையாட்டின் பெரும்பாலான தவறுகள் கிளைக்கின்றன. பரிணாமம் நாம் எடுக்க வேண்டிய முடிவு, அதுவும் ஒரே ஒரு முறை எடுக்கக்கூடிய முடிவு. இதைப் புரிந்துகொள்ள அந்தச் சொல்லே கொஞ்சம் தடையாக இருக்கிறது. உயிரியலில் பரிணாமம் என்றால் தலைமுறை தலைமுறையாக ஓர் இனம் மாறுவது. இங்கே நடப்பதோ, கம்பளிப்புழு கூட்டுப்புழுவாகிப் பட்டாம்பூச்சியாவது போல, ஒரே உயிர் தன் வாழ்நாளுக்குள் உருமாறுவது. கேட்டர்பி 7-ஆம் லெவலில் மெட்டபாடாகவும், 10-ஆம் லெவலில் பட்டர்ஃப்ரீயாகவும் மாறுவதைப் பார்த்தாலே இது விளங்கும். உருமாறிய பட்டாம்பூச்சி மறுபடி புழுவாவதில்லை.

தள்ளிப்போட்டால் பலம் கூடுமா?

முதல் பாகங்கள் ஜப்பானில் வெளியான 1996-இலிருந்து இன்றுவரை விடாமல் தொடரும் நம்பிக்கை ஒன்று உண்டு. உருமாறும் நேரத்தில் பி பொத்தானை அழுத்தித் தடுத்துக்கொண்டே வந்து, கடைசியில் மாறவிட்டால் அந்தப் போக்கிமான் மற்றவற்றைவிட வலுவாக இருக்குமாம். இது தவறு. எவ்வளவோ பேர் இதை நம்பிப் பல மணி நேரத்தை வீணடித்திருக்கிறார்கள் என்பதால் கணக்கையே போட்டுக் காட்டிவிடுகிறேன்.

மேஜிகார்ப்பை எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்படைத் தாக்குதல் எண் 10. 20-ஆம் லெவலில் அது கியாரடோஸ் ஆகும். கியாரடோஸின் அடிப்படைத் தாக்குதல் எண் 125. ஒவ்வொரு போக்கிமானுக்கும் பிறவியிலேயே அமைந்த ஐவி என்ற எண் 0 முதல் 31 வரை இருக்கும். தாக்குதலில் ஐவி 31 உள்ள, பயிற்சிப் புள்ளிகள் எதுவும் சேராத, இயல்பால் கூடுதலோ குறைவோ இல்லாத ஒரு மேஜிகார்ப்பை 50-ஆம் லெவலில் பார்ப்போம். பத்தை இரட்டித்து 31-ஐக் கூட்டினால் 51. லெவல் 50 என்பதால் அதில் பாதி, பின்னத்தை விட்டுவிட்டால் 25. கூடுதலாக 5 சேர்த்தால் தாக்குதல் 30. இதே மீன் கியாரடோஸாக இருந்தால் 125-ஐ இரட்டித்து 31-ஐக் கூட்ட வேண்டும், 281 வரும். பாதி 140, கூட 5, ஆக மொத்தம் 145.

இந்தக் கணக்கில் எந்த இடத்திலாவது ‘எந்த லெவலில் மாறியது’ என்ற கேள்வி வந்ததா? இல்லை. 20-இல் மாறினாலும், 49 வரை பிடிவாதமாகத் தடுத்து 50-இல் மாறவிட்டாலும் அதே 145தான். விளையாட்டு, மாறிய கணத்திலேயே எல்லா எண்களையும் புதிய உருவத்தை வைத்துத் திரும்பக் கணக்கிட்டுவிடுகிறது. தடுத்து வைத்ததால் கிடைத்தது, இடைப்பட்ட முப்பது லெவல்களையும் 145 தாக்குதல் உள்ள ஒன்றாக வளர வேண்டியது துள்ளிக் குதிக்கும் மீனாகவே கழித்ததுதான்.

ஆனால் அந்த நம்பிக்கைக்குள் ஓர் உண்மையும் ஒளிந்திருக்கிறது. உருமாறாத வடிவம் சில மூவ்களைச் சீக்கிரமாகவோ, தான் மட்டுமேயோ கற்கும். கல்லால் மாறும் இனங்களில் இது மிக முக்கியம். ஃபயர்ரெட் விளையாட்டில் க்ரோலித் 49-ஆம் லெவலில் ஃப்ளேம்த்ரோவரைக் கற்கும். கையில் ஃபயர் ஸ்டோன் கிடைத்ததுமே அவசரப்பட்டு அதை ஆர்கனைன் ஆக்கிவிட்டால், லெவல் ஏறும்போது அந்த மூவ் தானாக வராது. அங்கே காத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது. 2022-இல் வந்த ஸ்கார்லெட், வயலெட் பாகங்களில் மூவ்களைப் பட்டியலிலிருந்தே நினைவுபடுத்திக்கொள்ளலாம் என்பதால் அந்தக் காத்திருப்புக்கும் தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஒன்றை மறக்க வேண்டாம்: பி பொத்தான் லெவலால் நடக்கும் மாற்றத்தைத் தடுக்கும். கல்லைக் கொடுத்த பிறகு அதை அழுத்திப் பயனில்லை.

ஈவீயின் மனம்

எட்டு உருவங்களாக மாறக்கூடிய ஈவீயிடம்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். நீர், மின்சாரம், நெருப்புக் கற்களால் மாறும் மூன்றில் குழப்பம் இல்லை. நட்பால் மாறும் மூன்றுதான் சிக்கல். பகலில் லெவல் ஏறினால் எஸ்பியான், இரவில் ஏறினால் அம்ப்ரியான். இரண்டுக்கும் ஈவீக்கு நம்மீது போதிய பாசம் இருக்க வேண்டும்.

அந்தப் பாசத்துக்கும் ஓர் எண் உண்டு, 0 முதல் 255 வரை. பழைய பாகங்களில் 220-ஐ எட்ட வேண்டும், 2019-இல் வந்த ஸ்வார்ட், ஷீல்டில் 160 போதும். எண் திரையில் தெரியாது என்பதால், லெவல் ஏறியும் மாறவில்லையே என்று பலர் குழம்புகிறார்கள். கூட நடப்பதும், லெவல் ஏறுவதும், சூத் பெல் என்ற மணியைக் கட்டிவிடுவதும் பாசத்தைக் கூட்டும். சண்டையில் மயங்கி விழுந்தால் அது குறையும். யாரும் கவனிக்காத காரணம் ஒன்றும் இருக்கிறது. விலை குறைவு என்று வாங்கும் எனர்ஜி ரூட், ரிவைவல் ஹெர்ப் போன்ற மூலிகை மருந்துகள் கசப்பானவை. ஒவ்வொரு முறை கொடுக்கும்போதும் பாசம் இறங்கும். மருந்து கொடுத்துக் காப்பாற்றுகிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, ஈவீ நம்மை விட்டு விலகிக்கொண்டிருக்கும். கோல்பேட்டை க்ரோபேட் ஆக்க நினைப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

அடுத்தது சில்வியான். 2013-இல் எக்ஸ், ஒய் பாகங்களோடு வந்த இந்த உருவத்துக்கு, பாசத்தோடு ஃபேரி வகை மூவ் ஒன்றும் ஈவீக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தால் எஸ்பியான், அம்ப்ரியான் இரண்டையும் முந்திக்கொண்டு சில்வியான்தான் வரும். ஸ்வார்ட், ஷீல்டில் ஈவீ 15-ஆம் லெவலில் பேபி-டால் ஐஸ் என்ற மூவைக் கற்கிறது. அது ஃபேரி வகை. நள்ளிரவுவரை காத்திருந்து அம்ப்ரியானை எதிர்பார்த்தவர்முன் இளஞ்சிவப்பு ரிப்பன்களோடு சில்வியான் வந்து நிற்பது இதனால்தான். அம்ப்ரியான் வேண்டும் என்றால் அந்த மூவை முதலில் மறக்க வையுங்கள்.

லெவல் மட்டும் போதாது

ஒரு போக்கிமான் மாறவில்லை என்றதும் இன்னும் லெவல் ஏற்றிப் பார்ப்பது இயல்பான எதிர்வினை. பல இனங்களில் அது எந்தப் பலனையும் தராது. ஆண் கோம்பி எத்தனை லெவல் ஏறினாலும் கோம்பியாகவே இருக்கும், பெண் மட்டுமே 21-இல் வெஸ்பிக்வீன் ஆகும். சலண்டிட்டும் அப்படித்தான். கடாப்ராவும் ஹாண்டரும் இன்னொருவரோடு பரிமாறிக்கொண்டால்தான் மாறும். இன்கே என்ற போக்கிமான் 30-ஆம் லெவலை எட்டும்போது கையிலுள்ள சாதனத்தையே தலைகீழாகப் பிடித்திருக்க வேண்டும். ஸ்லிகூவுக்கு 50-ஆம் லெவலோடு மழையும் வேண்டும். ஸ்கார்லெட், வயலெட்டில் ப்ரைமேப் ரேஜ் ஃபிஸ்ட் மூவை 20 முறை பயன்படுத்திவிட்டு லெவல் ஏறினால்தான் அனிஹிலேப் வரும்.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது நின்கேடா. 20-ஆம் லெவலில் அது நின்ஜாஸ்க் ஆகும்போது, உங்கள் ஆறு பேர் அணியில் ஓர் இடம் காலியாக இருந்தால், உரித்துப்போட்ட கூடே உயிர்பெற்று ஷெடின்ஜாவாக வந்து சேரும். விளையாட்டின் நான்காம் தலைமுறைப் பாகங்களிலிருந்து, போக்கிமானைப் பிடிக்கும் போக்கே பால் என்ற பந்து ஒன்றும் பையில் இருக்க வேண்டும். அணியை எப்போதும் ஆறாக நிரப்பி வைத்திருக்கும் கவனமான ஆட்டக்காரர்களே இதைத் தவறவிடுகிறார்கள்.

உருமாறியது எப்போதும் மேலானது என்பதும் சரியில்லை. சைத்தர் சிசராகும்போது மொத்தத் திறன் 500 என்பது கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. தாக்குதலும் தற்காப்பும் உயர்கின்றன, வேகம் 105-இலிருந்து 65-க்குச் சரிகிறது. 2010-இல் வந்த ஈவியோலைட் என்ற பொருள், இன்னும் மாற இடமுள்ள போக்கிமானின் இரண்டு தற்காப்புகளையும் ஒன்றரை மடங்காக்கும். அதை ஏந்திய சான்சி, தன் வளர்ந்த வடிவமான ப்ளிஸ்ஸியைவிட அதிக அடி தாங்கும். ஈவியோலைட் ஏந்தாத போக்கிமானை இப்படி நிறுத்தி வைக்க விரும்பினால் பி பொத்தானோடு மல்லுக்கட்ட வேண்டாம், எவர்ஸ்டோனைக் கொடுத்துவிடுங்கள்.

போக்கிமான் கோ விளையாடுபவர்களுக்கு

இங்கே விதிகள் வேறு. உருமாற்றத்துக்கு மிட்டாய் வேண்டும். மேஜிகார்ப்புக்கு மட்டும் 400. அத்தனையையும் நாள்கணக்கில் சேர்த்து, ஐவி எண்களைப் பார்க்காமலேயே முதலில் பிடித்த மீனுக்குச் செலவழிப்பதுதான் பெரிய இழப்பு. இதில் ஐவி ஒவ்வொன்றும் 0 முதல் 15 வரை. மாறிய பிறகும் அவை அப்படியே இருக்கும். முதலில் மாற்றிவிட்டுச் சக்தி ஏற்றினாலும், சக்தி ஏற்றிவிட்டு மாற்றினாலும் வந்துசேரும் இடம் ஒன்றுதான். ஆனால் மாறும்போது மூவ்கள் புதிதாக, குருட்டாம்போக்கில் அமையும். ஆகவே மூவ்களை மாற்றும் டிஎம்களை உருமாற்றத்துக்கு முன் செலவழிக்காதீர்கள்.

கம்யூனிட்டி டே நாளில் குறிப்பிட்ட நேரத்துக்குள் உருமாற்றினால் சிறப்பு மூவ் ஒன்று கிடைக்கும். முந்தைய நாளே ஆவலில் மாற்றிவிட்டவர்களுக்கு அது அப்படிக் கிடைக்காது. அதேபோல கிரேட் லீக்கில் விளையாட நினைத்தால் மாறிய பிறகு வரும் சிபி என்ற சண்டைத் திறன் எண் 1500-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்தப் போக்கிமானுக்கு அந்த லீக்கில் இடமில்லை, குறைக்கவும் முடியாது.

நின்டெண்டோ ஸ்விட்ச் சாதனத்தில் விளையாடுபவர்கள் செய்ய வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. ஸ்வார்ட், ஷீல்ட், ஸ்கார்லெட், வயலெட் பாகங்களில் தானாகச் சேமிக்கும் வசதி உண்டு. எதிர்பாராத உருவம் வந்து, பழைய இடத்துக்குத் திரும்பலாம் என்று நீங்கள் நினைப்பதற்குள் விளையாட்டு அதைச் சேமித்து முடித்திருக்கும். முக்கியமான லெவலுக்கு ஒரு சண்டைக்கு முன்பாகவே அமைப்புப் பட்டியலுக்குப் போய் அதை நிறுத்திவிட்டு, நீங்களே ஒருமுறை சேமித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு கிர்லியாவைச் சண்டைக்கு அனுப்பலாம்.