பழைய மென்பொருளை மாற்றும்போது நிரல் மொழியைத் தேர்ந்தெடுப்பதில் சறுக்கும் இடங்கள்

பழைய மென்பொருளைத் திருப்பி எழுதப் புது நிரல் மொழி எது என்று பேச உட்கார்ந்தால் வேகம், லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு), ஆள் கிடைப்பது ஆகியவற்றோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அவற்றில் தவறினால் சீக்கிரமே தெரிந்துவிடும், திருத்தியும் விடலாம். சத்தமில்லாமல் உள்ளே அரிப்பவை வேறு.

பணத் தொகையை மொழி எப்படிக் கையாள்கிறது என்று பாராமல் விடுவது

இத்தனை பேர் சூடுபட்ட பிறகும் புதிதாக வருபவர்கள் இதிலேயே கால் வைக்கிறார்கள். பழைய வணிக மொழியான கோபோலில் தொகை வழக்கமாகப் பதின்ம எண்ணாகவே இருக்கும், கணக்கும் அப்படியே நடக்கும். விஷுவல் பேசிக் 6-இன் கரன்சி வகையில் புள்ளிக்குப் பின் 4 இலக்கம் உறுதி. ஜாவாஸ்கிரிப்டின் வழக்கமான எண்ணோ இரும மிதவைப்புள்ளி, அதாவது 0.1 போன்ற பின்னங்களைத் தோராயமாகவே வைக்கும்: அங்கே 0.1 + 0.2 என்பது 0.30000000000000004.

“ஜாவாவில் பதின்ம எண்ணுக்கென்றே பிக்டெசிமல் வகை இருக்கிறதே” என்பார்கள். இருக்கிறது. ஆனால் 0.1-ஐ மேற்கோள் குறி இல்லாமல் அதனுள் போட்டால் பிழை பிறக்கும்போதே ஒட்டிக்கொள்ளும். சரமாக, அதாவது மேற்கோள் குறிக்குள் எழுத்தாகத்தான் கொடுக்க வேண்டும். ஈக்வல்ஸ் (equals) வைத்து ஒப்பிட்டால் 2.0-வும் 2.00-வும் வேறு வேறு, கம்பேர்டூ (compareTo) பயன்படுத்துங்கள்.

இதைவிட மோசம் ரவுண்டிங், அதாவது மிஞ்சும் இலக்கங்களைக் குறைத்து அருகிலுள்ள எண்ணாக்குவது. கோபோலில் ரவுண்டட் என்று எழுதாவிட்டால் மீதி இலக்கம் அப்படியே வெட்டப்படும். பைத்தானின் ரவுண்டும் சி ஷார்ப்பின் மேத்.ரவுண்டும் 2.5-ஐ 2 ஆக்கும், ஏனென்றால் சரிபாதி வந்தால் இரட்டை எண் பக்கம் சாயும். பழைய விஷுவல் பேசிக்கிலேயே ரவுண்ட் 0.125-ஐ 0.12 என்கிறது, ஃபார்மேட் 0.13 என்கிறது. ஒரே மென்பொருளில் இரண்டு வழக்கமும் கலந்திருக்கலாம்.

சோதனை எண்ணும் ஏமாற்றும். 2.675-ஐ இரண்டு இலக்கமாக்கினால் ரவுண்டட் இல்லாத கோபோல் 2.67 தரும். பைத்தானும் 2.67 தரும், காரணம் மட்டும் வேறு: அந்த எண் அங்கே 2.675-க்கு ஒரு மயிரிழை கீழே பதிவாகிறது. சோதனை ‘பாஸ்’. 2.678 வந்தால் கோபோல் 2.67, பைத்தான் 2.68.

மொழியை முடிவு செய்யுமுன் கணக்கு முடித்த ஒரு மாதத்தின் உண்மைத் தரவை எடுங்கள். வட்டி, வரி, பங்கீடு என ரவுண்டிங் அதிகமுள்ள ஒரே ஒரு கணக்கை, பரிசீலனையிலுள்ள இரு மொழிகளிலும் எழுதிப் பாருங்கள். மொத்தத்தை ஒப்பிடாதீர்கள், கூடுதலும் குறைவும் அங்கே ஒன்றையொன்று விழுங்கிவிடும். பழைய மென்பொருளின் விடையோடு வரிக்கு வரி, கடைசி இலக்கம் வரை ஒப்பிடுங்கள். எதிர்மறைத் தொகையும் இருக்கட்டும்: பிக்டெசிமலின் ஹாஃப் அப் ரவுண்டிங் முறை -2.5-ஐ -3 ஆக்கும், அதே ஜாவாவின் மேத்.ரவுண்ட் -2 ஆக்கும்.

வரிக்கு வரி தானியங்கி மொழிமாற்றம்

கிடைப்பது ஜாவா வேஷம் போட்ட கோபோல். அதைப் பராமரிக்க இரண்டும் தெரிந்தவர் வேண்டும்.

ஒருவருக்கு மட்டும் பிடித்த மொழி

அவர் விடுப்பில் போகும் வாரத்தில் யார் திருத்துவார்?

ஆதரவுத் தேதியைப் பாராதது

பைத்தான் 2-க்கு ஆதரவு 2020 ஜனவரி 1-இல் நின்றது, 3 வந்ததோ 2008-இல். சி ஷார்ப் ஓடும் தளமான டாட்நெட்டின் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கே ஆயுள் 3 ஆண்டு. 20 ஆண்டு ஓட வேண்டிய மென்பொருள் என்றால் ஆறு மேம்படுத்தலுக்கான செலவை இப்போதே எழுதிவையுங்கள்.

வரிசை முறை

எழுத்துக்கும் இலக்கத்துக்கும் கணினி தரும் குறியீட்டு எண்தான் வரிசையைத் தீர்மானிக்கும். மெயின்ஃபிரேம் என்னும் பெருங்கணினியின் எப்சிடிக் குறியீட்டில் எழுத்துகள் முன்னே, இலக்கங்கள் பின்னே. மற்ற கணினிகளின் ஆஸ்கி குறியீட்டில் தலைகீழ். வரிசைப்படுத்திய இரு கோப்புகளை ஒருசேரப் படித்து இணைக்கும் நிரல், ஒன்று மட்டும் பழைய வரிசையில் வந்தால் பதிவுகளைப் ‘பொருந்தவில்லை’ என்று ஒதுக்கிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது.